நாடக வாளில் தீ எரிய வைப்பது எப்படி

வெள்ளித்தாள் ஒட்டிய பிளைவுட் வாள் பத்தடி தள்ளிப் பார்த்தால் வாளாகத்தான் தெரியும். இரண்டு வாள் மோதி 'டொக்' என்று கட்டில் கால் சத்தம் வரும்போதுதான் சபை சிரித்துவிடுகிறது. இங்கே செய்யப்போகும் வாளில் நடுப்பள்ளம் முழுக்கத் தீ ஓடும். வீசினால் 'விஷ்', மோதினால் 'ணங்', கூடவே ஒரு வெள்ளை மின்னல். எல்லாம் ஒரே ஒரு லித்தியம் செல்லில்.

இதில் புரோகிராம் பெரிய விஷயமே இல்லை. அடி வாங்குவதற்கென்றே செய்யப்படும் கருவி என்பதுதான் சிக்கல். மேஜையில் அழகாக ஓடியது ஒத்திகையின் பத்தாவது நிமிடத்தில் சாகும், காரணம் பெரும்பாலும் ஒரு சால்டர் முனையாகவோ மெல்லிய ஒயராகவோ இருக்கும். அதனால் மரவேலையிலிருந்தே மின்வேலையை யோசிக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை. சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் முடியும், மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன்:

ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஓடும் போர்டு), பின் சால்டர் செய்யாதது – 1
டிஎஃப்பிளேயர் மினி (கார்டில் உள்ள சத்தத்தைப் பாடும் போர்டு), 32 ஜிபி-க்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி கார்டு – 1
ஜிஒய்-521 போர்டு (அசைவை உணரும் எம்பியூ6050 சென்சார்) – 1
டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 144 எல்இடி, 5 வோல்ட் – 1 மீட்டர்
18650 லித்தியம் செல், 2500 எம்ஏஹெச், நிக்கல் பட்டை வெல்டு செய்தது – 1
டிபி4056 சார்ஜர் போர்டு, ஆறு முனை உள்ளது – 1
28 மி.மீ ஸ்பீக்கர், 4 ஓம், 2 அல்லது 3 வாட் – 1
ராக்கர் ஸ்விட்ச் 3 ஆம்பியர், புஷ் பட்டன், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 1, 470 மைக்ரோஃபாரட் 1, 470 ஓம் ரெசிஸ்டர் 1, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1, 22 கேஜ் மற்றும் 26 கேஜ் சிலிகான் ஒயர்

டிபி4056-ல் நான்கு முனை, ஆறு முனை என்று இரு வகை உண்டு. நான்கு முனையுள்ளதில் செல்லுக்குப் பாதுகாப்புச் சுற்று கிடையாது, ஷார்ட் ஆனால் தடுக்க ஆளில்லை. ஆறு முனையே வேண்டும். செல்லில் '9900 எம்ஏஹெச்' என்று அச்சடித்திருந்தால் தொடாதீர்கள். அந்த அளவு உடம்புக்குள் அதில் பாதிகூட அடைக்க முடியாது. பழைய லேப்டாப்பில் உருவிய செல்லும் வேண்டாம், வெளிச்சம் கூடும் நேரத்தில் அதன் வோல்டேஜ் சரிந்துவிடும்.

மரவேலை

6 மி.மீ பிளைவுட்டில் 5 செ.மீ அகலம், 70 செ.மீ நீளத்துக்கு அலகு. அதன் தொடர்ச்சியாகவே 24 மி.மீ அகலம், 9 செ.மீ நீளத்துக்கு ஒரு நாக்கு. இந்த நாக்கு கைப்பிடிக் குழாய்க்குள் போகும். கைப்பிடிக்கு 32 மி.மீ பிவிசி பைப்பில் 22 செ.மீ துண்டு போதும், உள்விட்டம் 28 மி.மீ-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். நாக்கின் மேல் 3 செ.மீ-க்குள் இரண்டு 4 மி.மீ போல்ட், பைப்பையும் நாக்கையும் துளைத்துப் போக வேண்டும். போல்ட்டைக் கழற்றினால் அலகும் போர்டுகளும் ஒன்றாக வெளியே வந்துவிடும். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டால் முதல் ரிப்பேருக்கே பைப்பை அறுக்க வேண்டிவரும்.

நாக்கின் கீழ் 6 செ.மீ-ல் ஒரு பக்கம் நானோ, மறுபக்கம் டிஎஃப்பிளேயரும் ஜிஒய்-521-ம் ஒன்றன்பின் ஒன்றாக. பின் சால்டர் செய்யாத போர்டு கேட்டது இதற்குத்தான், பின் இருந்தால் பைப்புக்குள் நுழையாது. அதற்குக் கீழே செல், பிறகு சார்ஜர், கடைசியில் குமிழில் ஸ்பீக்கர். சார்ஜரின் யுஎஸ்பி வாய்க்கு நேராகப் பைப்பில் ஒரு துளை வெட்டிக்கொள்ளுங்கள். செல் கைப்பிடியில் இருப்பதில் இன்னொரு லாபம், எடை கையருகே வந்து வாள் சுழற்ற இலகுவாகும்.

ஜிஒய்-521-ஐ மட்டும் மெத்தென்ற டபுள் டேப்பில் ஒட்டாதீர்கள். அலகு வாங்கும் அடியை அது உணர வேண்டும், நுரை டேப் அந்த அதிர்வை விழுங்கிவிடும். சின்ன ஸ்க்ரூ போட்டோ, சூப்பர் க்ளூ வைத்தோ நாக்கின்மேல் இறுக்கமாகப் பதியுங்கள். ஸ்பீக்கருக்கு இதற்கு நேர் எதிர். அதன் அதிர்வு சென்சாருக்குப் போனால் வாள் தானே 'ணங்' என்று கத்தி, அந்தச் சத்தத்தையே அடியென்று எண்ணி மறுபடி கத்தும். ஸ்பீக்கரின் விளிம்புக்கும் குமிழுக்கும் நடுவே ஃபோம் வளையம் வேண்டும். அந்த வளையம் காற்றுப் புகாமலும் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று அழித்து, கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். சுற்றிலும் அடைத்துவிட்டால் பைப்பே பெட்டியாகிவிடும்.

அலகின் இரு முகத்திலும் 6 மி.மீ ஈவிஏ ஃபோம் ஒட்டி, நடுவில் 12 மி.மீ அகலத்துக்கு 50 செ.மீ பள்ளம் வெட்டுங்கள். ஏன் 50 செ.மீ? ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்பைச் சரிபாதியாக வெட்டினால் பக்கத்துக்கு 72 எல்இடி, மிச்சமே இல்லை. நுனி 20 செ.மீ இருட்டாக இருந்தால் தீ அடியிலிருந்து எழுவது போலவே தெரியும், அதோடு அதிகம் அடிபடும் இடத்தில் எல்இடி இருக்காது.

பள்ளத்தின் மேல் ஒளி பரப்பும் மூடி வேண்டும். டிவி பெட்டிக்குள் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் இதற்குக் கடையில் விற்கும் எதையும்விட நன்றாக வேலை செய்கிறது. அதை இரண்டு மடிப்பாக வைத்து மேலே ட்ரேசிங் பேப்பர், அதன்மேல் ஓஹெச்பி ஷீட் போதும். எல்இடிக்கும் எல்இடிக்கும் இடைவெளி 7 மி.மீ, உங்களுக்குக் கிடைக்கும் ஆழமோ 4 மி.மீ, எனவே புள்ளிகள் முழுக்க மறையாது. தீ அலைந்துகொண்டே இருப்பதால் கண் அதைக் கண்டுகொள்ளாது. ஒரே நிறத்தில் அசையாமல் எரியும் வாள்தான் வேண்டும் என்றால் பள்ளத்தை 8 மி.மீ ஆக்குங்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள மலிவான ஸ்ட்ரிப்பை இந்த ஆழத்தில் போட்டால் சீரியல் பல்ப் மாலை போலிருக்கும்.

ஏன் தீ, ஏன் நீலம் இல்லை

நிறம் வெறும் ரசனை சார்ந்ததல்ல. லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், பெரும்பாலான நேரம் 3.7 பக்கத்தில். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டிலேயே எரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், எனவே செல் இறங்க இறங்க நீலம் மங்கிக்கொண்டே போகும். சிவப்பும் ஆரஞ்சும் கடைசிவரை நிற்கும். நீல வாள்தான் வேண்டும் என்றால் 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் போர்டு தேவை. அதோடு அதன் இரைச்சல், சூடு, இடநெருக்கடி எல்லாம் சேர்ந்து வரும். செல்லிலிருந்து நேராக ஓட்டினால் இன்னொரு வசதியும் உண்டு. நானோவும் ஸ்ட்ரிப்பும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் டேட்டா சிக்னலுக்குத் வோல்டேஜை ஏற்றித் தரும் தனி லெவல் ஷிஃப்டர் வேண்டாம்.

ஒயரிங்

செல்லின் இரு முனையும் டிபி4056-ன் பி பிளஸ், பி மைனஸுக்கு. அவுட் பிளஸிலிருந்து ராக்கர் ஸ்விட்ச், ஸ்விட்ச்சிலிருந்து மூன்று தனித்தனி ஒயர்: ஸ்ட்ரிப்புக்கு 22 கேஜ், நானோவின் 5வி பின்னுக்கு 26, டிஎஃப்பிளேயருக்கு 26. மைனஸும் அப்படியே அவுட் மைனஸிலிருந்து மூன்றாகப் பிரிய வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று என்று தொங்கவிட்டால் ஸ்ட்ரிப்பின் கரண்ட் டிஎஃப்பிளேயரின் மைனஸ் வழியாகப் போகும், தீ அசையும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்ர்ர்' கேட்கும். நானோவின் வின் பின்னில் கொடுக்காதீர்கள், அதற்கு 7 வோல்ட்டாவது வேண்டும்.

டி6-லிருந்து 470 ஓம் வழியாக இரண்டு ஸ்ட்ரிப்பின் டேட்டா உள்ளீட்டுக்கும் ஒன்றாகவே. இரு பக்கமும் ஒரே தீ எரியும், புரோகிராமுக்கு 72 எல்இடி மட்டுமே இருப்பதாகத் தெரியும். ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட அம்புக்குறி கைப்பிடியிலிருந்து நுனியைப் பார்க்க வேண்டும். திருப்பி ஒட்டிவிட்டு 'எரியவே இல்லை' என்பது எல்லாரும் ஒரு முறையாவது செய்யும் தவறு. 1000 மைக்ரோஃபாரட் ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில், 470 டிஎஃப்பிளேயரின் பவர் முனையில். இரண்டு ஸ்ட்ரிப்பின் நுனிக்கும் பிளஸ் மைனஸை இன்னொரு முறை தனி ஒயரில் கொண்டுபோய்ச் சேருங்கள். இல்லாவிட்டால் நுனிப்பக்கம் வோல்டேஜ் குறைந்து வெள்ளை மின்னல் அங்கே மட்டும் செம்பழுப்பாகத் தெரியும்.

டி11-லிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ். அந்த ரெசிஸ்டரை விட்டால் பின்னணியில் ஓயாத இரைச்சல். டிஎஃப்பிளேயரின் பிஸி பின் டி4-க்கு. ஜிஒய்-521-ன் எஸ்டிஏ ஏ4-க்கும் எஸ்சிஎல் ஏ5-க்கும், ஒயர் 5 செ.மீ-க்கு மிகாமல். புஷ் பட்டன் டி3-க்கும் மைனஸுக்கும் இடையில். ஸ்பீக்கர் ஒயரில் எதையும் மைனஸோடு சேர்க்காதீர்கள், எஸ்பிகே1, எஸ்பிகே2 இரண்டும் ஸ்பீக்கருக்கு மட்டுமே.

செல்லை முதன்முறை சால்டர் செய்ததும் அவுட் முனையில் பூஜ்யம் காட்டினால் பதற வேண்டாம். பாதுகாப்புச் சுற்று தூங்குகிறது. சார்ஜரை ஒரு நொடி செருகி எடுத்தால் விழித்துக்கொள்ளும்.

இனி வருவது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான எச்சரிக்கை. புரோகிராம் ஏற்ற நானோவில் யுஎஸ்பி செருகும்முன் ராக்கர் ஸ்விட்ச்சை அணைத்தே ஆக வேண்டும். ஸ்விட்ச் ஆனில் இருந்தால் கம்ப்யூட்டரின் 5 வோல்ட், சார்ஜரைச் சுற்றிக்கொண்டு நேராகச் செல்லுக்குள் பாயும். லித்தியம் செல்லுக்கு 4.2-க்கு மேல் ஆகாது. ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது ஸ்ட்ரிப்புக்கும் நானோ வழியாகவே கரண்ட் போகிறது, நானோவின் யுஎஸ்பி வழியில் உள்ள சின்ன டயோடு அதைத் தாங்காது. ஆகவே ஸ்ட்ரிப்பின் பிளஸ் ஒயரில் ஒரு ஜேஎஸ்டி கனெக்டர் வைத்து, புரோகிராம் ஏற்றும்போது கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு சால்டரும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு, ஸ்ட்ரிப்பின் முனையில் ஒயரை நூலால் பிளைவுட்டோடு கட்டி, மேலே ஹாட் க்ளூ போடுங்கள். ஸ்ட்ரிப்பின் தாமிரத் திட்டு நகக்கண் அளவுதான். ஒயர் ஆடினால் திட்டே உரிந்து கையோடு வந்துவிடும், அந்த எல்இடியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

கரண்ட் கணக்கு

ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 144 எல்இடிக்கு 8.6 ஆம்பியர். டிபி4056-ன் பாதுகாப்பு ஏறத்தாழ 3 ஆம்பியரில் துண்டித்துவிடும், ஃபோமும் உருகத் தொடங்கும். எல்இடிகளை இயக்கும் ஃபாஸ்ட்எல்இடி என்ற ஆர்டுயினோ லைப்ரரியில் அதிகபட்ச மில்லி ஆம்பியரை நிர்ணயிக்கும் வசதி இருக்கிறது. மொத்தம் 1400-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் அங்கே 1400 என்று எழுதினால் 2800 போகும். லைப்ரரிக்குத் தெரிந்தது 72 எல்இடி, இழுப்பதோ 144. ஆகவே 700 என்று கொடுங்கள். தொடர்ந்து உச்சத்தில் எரிந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுமேல் நிற்கும். தீ அலைவதால் சராசரி குறைவுதான், இரண்டு மணி நேர ஒத்திகை தாராளம்.

எல்இடி அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒவ்வொன்றும் ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத் தின்றுகொண்டிருக்கும், மொத்தம் 0.15 ஆம்பியர். பட்டனில் அணைத்துவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் செல் காலி. அதற்காகத்தான் ராக்கர் ஸ்விட்ச்.

சத்தம்

தீயின் உறுமலுக்குக் கேஸ் அடுப்பைப் பெரிதாக வைத்து, செல்போனை ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் பிடித்துப் பதியுங்கள். பொறி வெடிப்புக்குப் பிஸ்கட் பாக்கெட் கவரைக் காதருகே கசக்கிப் பாருங்கள், அச்சு அசல் விறகு. வீச்சுக்கு மெல்லிய பிரம்பு. மோதலுக்கு இரும்புத் தோசைக்கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கரண்டியால் ஒரு தட்டு. கையில் பிடித்துக்கொண்டு தட்டினால் ஒலி செத்துவிடும்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். எம்பி3 ஆக்கினால் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு நூலிழை மௌனம் சேர்ந்துவிடும், விழும் அடிக்கும் கேட்கும் சத்தத்துக்கும் நடுவே அதுவே இடறும். 28 மி.மீ ஸ்பீக்கரால் கீழ் ஸ்தாயி எதையும் தர முடியாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மற்றது உரக்கக் கேட்கும்.

டிஎஃப்பிளேயருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான் பாட வரும். 'ணங்' வந்தால் உறுமல் நின்றுவிடும், அந்தக் கணத்தில் வாள் செத்து உயிர்த்தது போலிருக்கும். தீர்வு இரண்டு பாதி. ஒன்று, வீச்சு, மோதல் ஃபைல் ஒவ்வொன்றின் அடியிலும் உறுமலைக் கலந்து வைப்பது. மற்றது, அந்த ஃபைல்களை விளம்பரமாக ஓட்டுவது. கார்டில் ADVERT என்று ஆறு பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயரில் இவற்றை வையுங்கள். விளம்பரக் கட்டளை கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் உறுமலை இடைமறித்துப் பாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து உறுமலைத் தொடரும். உறுமல் ஃபைல் எம்பி3 என்ற பெயருள்ள ஃபோல்டரில், நான்கைந்து நிமிட நீளத்துக்கு. வீச்சு நான்கு, மோதல் நான்கு பதிந்து மாற்றி மாற்றி விடுங்கள். ஒரே 'ணங்' ஆறு முறை கேட்டால் பொம்மைக்கடை ஞாபகம் வரும்.

ஃபோல்டர் போடாமல் கார்டில் கொட்டினால் பெயர் வரிசையில் பாடாது, நீங்கள் காப்பி செய்த வரிசையில் பாடும். 'ஒன்றைக் கேட்டால் மூன்று பாடுகிறது' என்ற குழப்பத்துக்கு இதுவே காரணம். கார்டை ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்துவிட்டு ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள்.

வீச்சா, அடியா

எம்பியூ6050-ஐ முடுக்கத்துக்கு 16 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு), சுழற்சிக்கு நொடிக்கு 2000 டிகிரி அளவில் வையுங்கள். ஆரம்ப நிலையான 2 ஜி-யில் விட்டால் சாதாரண வீச்சிலேயே அளவுகோல் முட்டி நின்றுவிடும். அலகின் நீளவாக்கில் எக்ஸ் அச்சு இருந்தால், ஒய், இசட் அச்சுகளின் சுழற்சி நொடிக்கு 200 டிகிரியைத் தாண்டும்போது வீச்சு. எக்ஸ் சுழற்சி என்பது மணிக்கட்டைத் திருகுவது, அதை விட்டுவிடலாம்.

அடியைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'முடுக்கம் 2 ஜி தாண்டினால் மோதல்' என்று எழுதினால் வெறும் காற்றில் சுழற்றும்போதே 'ணங்' வரும். நொடிக்கு 600 டிகிரியில் சுழலும் வாளில், சுழலும் மையத்திலிருந்து 20 செ.மீ தள்ளியிருக்கும் சென்சாருக்கு மையவிலக்கு மட்டுமே 2.2 ஜி. ஆனால் அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அடியோ ஓரிரு மில்லிசெகண்டில் குதிக்கும். ஆகவே 5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை அளந்து, போன அளவுக்கும் இந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 3 ஜி-யில் தொடங்கி, உங்கள் வாளுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு மோதலுக்குப் பிறகு 300 மில்லிசெகண்ட் காதைப் பொத்திக்கொள்ளட்டும், அலகு அதிர்ந்து அடங்க அவ்வளவு நேரமாகும்.

தீக்கு ஃபாஸ்ட்எல்இடியோடு வரும் ஃபயர்2012 எடுத்துக்காட்டே போதும், நொடிக்கு 40 முறை புதுப்பியுங்கள். ஒரு புதுப்பிப்புக்கு 2 மில்லிசெகண்டுக்குச் சற்றுமேல் ஆகும், அந்நேரம் நானோ வேறெதையும் கவனிக்காது. டிஎஃப்பிளேயர் திருப்பி அனுப்பும் பதில்கள் அதில் தொலைந்துபோகும். பதிலை நம்பி எதையும் எழுதாதீர்கள், பிஸி பின்னைப் பாருங்கள். பாடும்போது அது லோ. ஹை ஆனால் உறுமல் முடிந்துவிட்டது, மறுபடி தொடங்க வேண்டும்.

கட்டளை கொடுத்துச் சத்தம் வரப் பத்தில் ஒரு நொடி, சில நேரம் அதற்கு மேலும் தாமதமாகும். மின்னலை அடித்த கணமே போட்டு, 250 மில்லிசெகண்ட் மெல்ல அணையவிடுங்கள். மின்னலின் வாலுக்குள் சத்தம் வந்து விழுந்துவிடும், கண் மன்னித்துவிடும்.

மேடையில் கெடுவது

மோதும்போது எல்லாம் அணைந்து மறுபடி தொடங்கினால் வோல்டேஜ் சரிகிறது. மின்னலைப் பாதி எல்இடிக்குக் குறையுங்கள், வால்யூமை 30-லிருந்து 24-க்கு இறக்குங்கள். ஸ்பிரிங் வைத்த பேட்டரி ஹோல்டர் போட்டிருந்தால் அதுதான் குற்றவாளி, அடிபடும்போது செல் ஒரு கணம் தொடர்பு விடும். சின்ன ஸ்லைடு ஸ்விட்ச்சும் அப்படியே. அது அரை ஆம்பியருக்குச் செய்தது, தொட்டால் சுடும்.

தீ உறைந்து, பட்டனுக்கும் பதில் இல்லை என்றால் சென்சாரோடு பேசும் வழி அடைத்துக்கொண்டது. ஏ4, ஏ5 ஒயரை இன்னும் குட்டையாக்குங்கள், சென்சாரோடு பேச உதவும் 'வயர்' என்ற ஆர்டுயினோ லைப்ரரியின் டைம்அவுட்டை ஆன் செய்யுங்கள். முதல் சில எல்இடி மட்டும் கண்டபடி மின்னினால் டேட்டா ஒயரின் மைனஸ் துணை விட்டிருக்கும். எஸ்டி கார்டு அதிர்வில் துள்ளி வெளியே வரும், அதன்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

பெரிய அரங்கில் இந்த ஸ்பீக்கர் முதல் நான்கு வரிசைக்குத்தான். நடிகருக்குக் காலர் மைக் இருந்தால் குமிழ் நெஞ்சருகே வரும்படி பிடித்தாலே அது எடுத்துக்கொள்ளும். சண்டைக்காட்சியில் விரல் தவறிப் பட்டனில் படும். ஒரு நொடி அழுத்தினால்தான் அணையும் என்று எழுதிவிடுங்கள். டிஎஃப்பிளேயர் கார்டைப் படித்துத் தயாராக இரண்டு நொடி பிடிக்கும், அதற்குள் வரும் கட்டளை காற்றோடு போய்விடும். திரைக்குப் பின்னாலேயே ராக்கரைப் போட்டுவிட்டு, மேடையில் உறையிலிருந்து உருவும்போது பட்டனை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள்.